"நாவல்ல இப்படி இல்லையே!" – தழுவல் படங்களின் அரசியலைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 அக்டோபரில் வெற்றிமாறன் இயக்கத்தில் தனுஷ் நடித்த 'அசுரன்' வெளியானது. பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து எடுத்த படம் என்று தெரிந்ததும், அதுவரை அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட நாவலைத் தேடி வாங்கினார்கள். 1982-ல் வந்த நாவல் அது. இத்தனை வருஷம் கழித்து ஒரு புத்தகத்துக்குப் புதிதாக வாசகர்கள் வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதன் பிறகு நடந்த பேச்சு கொஞ்சம் வருத்தப்பட வைத்தது. ஒரு தரப்பு, "நாவல்ல இதெல்லாம் இல்லையே, எதுக்குச் சேர்த்தாங்க?" என்றது. இன்னொரு தரப்பு, "நாவல்ல அரசியலே இல்ல, படம்தான் அதைக் கொண்டுவந்துச்சு" என்றது.

இரண்டு பேரும் வழுக்கியது ஒரே இடத்தில்தான். அரசியல் என்றால் கதையில் நடக்கும் சம்பவம், இல்லாவிட்டால் பாத்திரம் வாயைத் திறந்து சொல்லும் கருத்து என்று எடுத்துக்கொண்டார்கள். கதையின் அரசியல் பெரும்பாலும் வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது. யார் கண்ணால் பார்க்கிறோம், எது முன்னால் வருகிறது, எதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம், எங்கே கதையை நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. நாவல் சினிமாவாகும்போது முதலில் மாறுவதும் இவைதான். இதைக் கவனிக்க விடாமல் நம்மைத் தடுக்கிற சில பழக்கங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சில கதைகளின் முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

காட்சிகளைக் கணக்குப் பார்ப்பது

எல்லோரும் செய்கிற தவறு இது. நாவலை ஒரு பக்கம், படத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, இந்தக் காட்சி இருக்கிறது, அந்தக் காட்சி இல்லை என்று டிக் அடித்துக்கொண்டே போவது. முடிவில் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அரசியல் பற்றிச் சொல்ல அதில் ஒன்றும் இருக்காது.

வரிசையை மாற்றியே ஒரு கதையின் அரசியலைத் திருப்பிவிட முடியும். ஜான் ஸ்டைன்பெக் 1939-ல் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலைப் பாருங்கள். ஓக்லஹோமாவில் நிலம் பறிபோன ஜோட் குடும்பம் பிழைப்புத் தேடி கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. நடுவில் ஒரு அரசாங்க முகாம் வருகிறது. சுத்தமான கழிப்பறை, தண்ணீர், முகாமில் இருப்பவர்களே தேர்ந்தெடுத்த கமிட்டி என்று அங்கே மனுஷனை மனுஷனாக நடத்துகிறார்கள். ஆனால் வேலை இல்லை. வயிறு காய்ந்து முகாமை விட்டு வெளியே வருகிறார்கள். அதற்கப்புறம்தான் பழத்தோட்டத்தில் வேலைநிறுத்தம், அடிதடி, கொலை. பிறகு வெள்ளம். கடைசியில் செத்துப் பிறந்த குழந்தையின் தாய், பசியால் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குத் தன் தாய்ப்பாலைக் கொடுக்கிறாள். நாவல் அங்கே நிற்கிறது.

ஜான் ஃபோர்டு 1940-ல் அதைப் படமாக எடுத்தார். அருமையான படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படத்தில் தோட்டத்துக் கொலை முன்னால் வந்துவிடுகிறது, அரசாங்க முகாம் பின்னால் போய்விடுகிறது. வெள்ளம் இல்லை, தாய்ப்பால் காட்சி இல்லை. நாவலில் நடுவில் எங்கோ அம்மா ஜோட் சொல்லும் சொற்கள், "நாம்தான் ஜனங்கள், நம்மை அழிக்க முடியாது" என்கிற பொருளில், படத்தின் கடைசிப் பேச்சாகிவிடுகின்றன.

என்ன ஆயிற்று? நாவலில் அரசாங்கத்தின் நல்ல மனசு வழியில் கிடைத்த ஒரு நிழல். அதைத் தாண்டியும் வெயில் காய்கிறது. ஏழைக்கு ஏழைதான், அப்புறம் உள்ளே திரண்டுகொண்டிருக்கும் கோபம்தான் துணை. படத்தில் துன்பமெல்லாம் முடிந்து கடைசியாக வந்து சேர்கிற இடம் அரசாங்க முகாம். ஏழைகளுக்கு அரசாங்கமே கைகொடுக்கும் என்று சொன்ன ரூஸ்வெல்ட்டின் ஆட்சி நடந்துகொண்டிருந்த நாட்டில் அந்த வரிசைக்கு என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. காட்சிகளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. ஏனென்றால் அவர் கணக்கில் முகாமும் இருக்கிறது, தோட்டமும் இருக்கிறது, அம்மாவின் பேச்சும் இருக்கிறது.

பெயர் சொல்லாததை இல்லாதது என்று நினைப்பது

என்னைப் பொறுத்தவரை தழுவல்களைப் பற்றிய பேச்சில் அதிகமாகக் கெடுதல் செய்கிற தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'வெக்கை'யின் கதை எளிமையானது. பதினைந்து வயது சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை வெட்டிவிட வேண்டும் என்று போகிறான். குறி தவறி ஆளே செத்துப்போகிறான். அங்கிருந்து அவனும் அய்யாவும் காடு மேடாக ஒளிந்து திரிகிறார்கள். மீதி நாவல் முழுக்க எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைத் தின்னலாம், ராத்திரி எங்கே படுக்கலாம், யார் சோறு கொண்டுவருவார்கள் என்பதுதான். மாமா வருகிறார், சேதி வருகிறது, பழைய கதைகள் பேசப்படுகின்றன. சாதிப் பெயரை எடுத்துச் சொல்லி நாவல் எங்கேயும் பேசுவதில்லை.

இதை வைத்துத்தான் பலர் நாவலில் சாதி அரசியல் இல்லை என்று முடிவு கட்டினார்கள். ஆனால் யாருடைய நிலத்தின்மேல் யாருக்குக் கண், கொலை நடந்தபோது போலீஸ் யார் பக்கம் நின்றது, ஊருக்குள் நிமிர்ந்து நடக்க யாருக்கு உரிமை, ஓடி ஒளிய வேண்டியது எப்போதும் யாராக இருக்கிறது? இரண்டு அத்தியாயம் படித்தால் போதும், கரிசல் மண்ணைச் சேர்ந்த ஒருவருக்கு இதெல்லாம் விளங்கிவிடும். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சாதியை யாரும் வாயால் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. தெரு என்பார்கள், ஊர் என்பார்கள், திசையைச் சொல்வார்கள். 'வடக்கூரான்' என்ற பெயரையே பாருங்கள். அந்த ஆளுக்கு நாவல் வைத்த பெயர் ஒரு திசை, ஒரு ஊர். யார் எந்தப் பக்கம் வாழ்கிறார்கள் என்பதுதானே சாதியின் வரைபடம்? பெயரைச் சொல்லாமல் விட்டது பூமணி தெரிந்தே எடுத்த முடிவு என்றுதான் நான் வாசிக்கிறேன். பெயரைச் சொன்னால் வாசகர் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். சொல்லாவிட்டால், அந்தப் பையன் எதற்கு ஓடுகிறான் என்பதை வாசகரே தேடிப் போக வேண்டியிருக்கும்.

படம் இதற்கு நேர் எதிராகப் போகிறது. செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒரு பெண் அவமானப்படுத்தப்படுகிறாள். பஞ்சமி நிலம் என்ற சொல் வெளிப்படையாக வருகிறது. குடிசைகள் எரிகின்றன. இவற்றைத்தான் "சேர்த்துவிட்டார்கள்" என்றார்கள். நாவல் மறைவாக வைத்ததைப் படம் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று சொல்வதுதான் இன்னும் சரியாக இருக்கும். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தைத் திருப்பி மறுபடி படிக்க முடியாது. சென்னையில் பார்ப்பவருக்கும் துபாயில் பார்ப்பவருக்கும் தெரு, திசை என்றால் என்னவென்று தெரியாமல் போகலாம். அவருக்கு ஒரு செருப்பு தேவைப்படுகிறது.

பஞ்சமி நிலம் என்பதையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் சென்னை மாகாணத்தில் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் பத்து வருடம் விற்கவே கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி எப்படியெல்லாமோ கைமாறிப்போனது. நூறு வருஷத்துக்கும் மேலாக அரசாணைகளிலும் தலித் இயக்கங்களின் கோரிக்கை மனுக்களிலும் இருந்த ஒரு சொல், 'அசுரன்' வந்த சில வாரங்களில் கட்சித் தலைவர்களின் அறிக்கைகளுக்குள் வந்து சேர்ந்தது. நாவலால் இதைச் செய்திருக்க முடியாது. அதேசமயம் ஒரு கொலையைச் செய்துவிட்ட சின்னப் பையன் ராத்திரியில் எதைக் கேட்டுத் திடுக்கிடுவான் என்பதைப் படத்தால் அவ்வளவு நெருக்கத்தில் சொல்ல முடியவில்லை. ஒன்றின் பலத்தைக் கொண்டு இன்னொன்றை மட்டம் தட்டுவதில் யாருக்கும் லாபமில்லை.

யாருடைய கதை என்பதைக் கேட்காமல் விடுவது

நாவல் சிதம்பரத்தின் கதை. படம் சிவசாமியின் கதை, அதாவது அப்பாவின் கதை. இது சாதாரண மாற்றம் மாதிரிதான் தெரியும். ஆனால் அரசியலில் மாறிய முக்கால்வாசி விஷயம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

பையனின் கதையாக இருக்கும்வரை கேள்வி இதுதான்: இந்த வயதில் ஒருவன் அரிவாளைத் தூக்கும்படி வைத்தது எது? குடும்பத்தில் யாரும் அவனைக் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. வேளைக்குச் சாப்பிட்டானா என்றுதான் பார்க்கிறார்கள். அந்தப் பாசத்தில்தான் நாவலின் எதிர்ப்பு முழுக்க இருக்கிறது. அப்பாவின் கதையானதும் கேள்வி மாறிவிடுகிறது: ஒரு காலத்தில் எழுந்து நின்ற மனிதன் எதனால் அடங்கிப்போனான், மறுபடி எப்போது எழுவான்? பார்க்கிறவர்களும் அவர் எழும் நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நாவலில் வன்முறைக்குக் கவர்ச்சி கிடையாது. கைதவறி நடந்த ஒன்று அது. படத்தில் மகனைக் காப்பாற்ற அப்பா ஆயுதத்தை எடுக்கும்போது தியேட்டரே எழுந்து கைதட்டியது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், எனக்கும் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான் இரண்டு படைப்புக்கும் உள்ள தூரம் எனக்குப் புரிந்தது.

இங்கேதான் இன்னொரு தவறும் வந்து ஒட்டிக்கொள்கிறது. எல்லா மாற்றத்தையும் இயக்குநரின் கொள்கைக் கணக்கில் எழுதிவிடுவது. ஒரு நட்சத்திரம் நடிக்கும் படத்தில் கதையின் எடை அவர் பக்கம் சாயத்தான் செய்யும். இடைவேளைக்கு முன்னால் ஒரு உச்சம் வேண்டும் என்பது நம்முடைய சினிமாவின் வழக்கம். தணிக்கை இருக்கிறது, போட்ட பணம் திரும்பி வர வேண்டியிருக்கிறது. நாவலாசிரியர் காகிதத்தில் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார். படத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் நான்கைந்து கைகள் இருக்கும்.

சில சமயம் அந்தக் கை யாருடையது என்பது பல வருடம் கழித்துத்தான் வெளியே வரும். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' 1945-ல் வெளிவந்தது. 1950-ல் அவர் இறந்துபோனார். 1954-ல் பிரிட்டனில் ஹலாஸ், பாட்ச்சலர் தம்பதி அதை அனிமேஷன் படமாக்கினார்கள். நாவலின் கடைசிக் காட்சியில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். வெளியே நின்று பார்க்கும் மற்ற மிருகங்களுக்கு யார் பன்றி, யார் மனிதன் என்றே அடையாளம் தெரியவில்லை. பழைய முதலாளியும் புதிய தலைவரும் ஒன்றுதான் என்கிறார் ஆர்வெல். படத்தில் அந்தக் கடைசி விருந்தில் மனிதர்கள் இல்லை, பன்றிகள் மட்டுமே. அதற்கு மேல், மற்ற மிருகங்கள் திரண்டுபோய்ப் பன்றிகளைக் கவிழ்க்கின்றன. முதலாளித்துவத்தின் மேல் இருந்த அடி காணாமல் போய், கம்யூனிசத்தின் மேல் இருந்த அடி மட்டும் மிஞ்சியது. அந்தப் படத்துக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ மறைமுகமாகப் பணம் கொடுத்திருந்தது பிற்பாடு அம்பலமானது. இதை இயக்குநரின் கலைப் பார்வை என்று மட்டும் வைத்து அலசியிருந்தால் எவ்வளவு தூரம் வழிதவறியிருப்போம்!

கதை அப்படியே இருக்கிறது, அதனால் அரசியலும் அப்படியே இருக்கிறது என்று நம்புவது

'மலைக்கள்ளன்' நினைவிருக்கிறதா? 1954-ல் எம்.ஜி.ஆர். நடித்த படம். மூலக்கதை நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளையின் நாவல். அவர் காந்தியவாதி, காங்கிரஸ்காரர், உப்புச் சத்தியாகிரகத்துக்குப் பாட்டு எழுதியவர். படத்துக்கு வசனம் மு. கருணாநிதி. எம்.ஜி.ஆரும் அப்போது திமுகவில் சேர்ந்துவிட்டிருந்தார். கதையில் பெரிய மாற்றம் தேடினால் ஏமாந்துபோவோம். ஆனால் "எத்தனை காலம்தான் ஏமாற்றுவார்" என்று டி.எம்.எஸ். குரலில் ஒரு பாட்டு அந்த ஆண்டில், அந்த நடிகருக்காக ஒலித்தபோது, அது மலைக்கள்ளன் கதைக்குள் மட்டும் நின்றிருக்குமா? நாவல் ஒரு கட்சிக்காரருடையது, படத்தின் நாக்கு இன்னொரு கட்சிக்காரருடையது. சொல்கிற வாய் மாறினால் சொல்லின் குறியும் மாறும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சின்ன விஷயம்: நாவல் முதலில், படம் பிறகு என்பது எப்போதும் உண்மை இல்லை. 1939-ல் கல்கியின் 'தியாகபூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். படத்தின் புகைப்படங்களே தொடருக்கும் அச்சாயின. அங்கே எது மூலம், எது தழுவல் என்று யார் பிரிப்பது? பிரிட்டிஷ் அரசு தடை செய்தது படத்தைத்தான்.

பின்கதையை வரலாறு என்று எடுத்துக்கொள்வது

'அசுரன்' படத்தின் பின்கதையில், அதாவது அப்பாவின் இளமைக்காலக் கதையில், குடிசைகளோடு சேர்த்து மனிதர்கள் எரிக்கப்படுகிறார்கள். அதைப் பார்த்த யாருக்கும் கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் இருக்காது. வர வேண்டும் என்றுதான் அந்தக் காட்சி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு, கீழ்வெண்மணியில் நடந்தது இதுதான் என்று பேசிக்கொண்ட இளைஞர்களை நான் சந்தித்திருக்கிறேன். அது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

கீழ்வெண்மணி கரிசல் காட்டில் இல்லை. அது காவிரிப் பாசனப் பகுதி, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் மாவட்டம். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். விவசாயக் கூலிகள் கூடுதலாகக் கொஞ்சம் நெல் கேட்டார்கள். கேட்பதற்கு அவர்களிடம் செங்கொடிச் சங்கம் இருந்தது. மிராசுதார்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் இருந்தது. கொடியை இறக்கு என்றார்கள், இவர்கள் இறக்கவில்லை. கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது.

அதாவது வெண்மணியில் கூலி, சங்கம், கொடி. படத்தில் நிலம், செருப்பு, கடைசியில் தனி ஒருவன் அரிவாளோடு கிளம்பிப் பழிதீர்ப்பது. ஒரு கூட்டத்தின் போராட்டமாக இருந்தது, ஒரு ஆளின் கோபமாகச் சுருங்கிவிட்டது. படம் ஆவணப்படம் இல்லை, புனைவு. அதற்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனால் அரசியல் மாற்றத்தைப் பற்றிப் பேச வந்தவர் இதைச் சொல்லாமல் போகக்கூடாது. நாவலுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டோடு, நடந்ததற்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்த்தால், நாவல்தான் சுத்தம், படம் அதைக் கெடுத்துவிட்டது என்கிற நினைப்பும் ஆட்டம் காணும். வெண்மணியைப் பின்னணியாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி 1975-ல் 'குருதிப்புனல்' எழுதினார். 1977-ல் அதற்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அதில் வரும் நிலவுடைமையாளரின் கொடூரத்துக்குப் பின்னால் அவருடைய ஆண்மைக் குறையும் அதனால் வந்த மனக்கோணலும் பெரிதாகப் பேசப்படுகின்றன. கூலிப் பிரச்சினையைக் கொண்டுபோய் ஒரு ஆளின் மனநோயில் கட்டிவிட்டார் என்று இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த நாவல் 1983-ல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்ற படமாகவும் வந்தது. அந்தப் படத்தை அலசுகிறவர் நாவலிலிருந்து தொடங்கினால் போதாது. நாவலே ஏற்கெனவே ஒரு தழுவல், நடந்ததன் தழுவல்.

இதற்கு நான் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. படம் பார்ப்பதற்கு முன்பே நாவலைப் படித்துவிட்டு, இந்தக் கதையில் யார்மேல் தவறு, எதனால், அதை யார் மாற்ற முடியும் என்று மூன்று வரி எழுதி வைத்துக்கொள்வேன். படம் பார்த்த பிறகு அதே மூன்று கேள்விக்குத் தனியாக எழுதுவேன். கதாநாயகன் பெயர் மாறியது, பாட்டு சேர்ந்தது என்பதெல்லாம் அப்போது தானாகவே உதிர்ந்துபோகும். படத்தை முதலில் பார்த்துவிட்டால் சிரமம்தான். 'வெக்கை'யில் அய்யா வாய் திறக்கும்போதெல்லாம் தனுஷின் முகம் வந்து நிற்கும்.

ஒரு பாத்திரம் திசை மாறியதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவது

பி.எச். டேனியல் மருத்துவர். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர், தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' 1969-ல் வந்தது. தமிழில் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. பாலாவின் 'பரதேசி' (2013) அதிலிருந்து கிளைத்த படம். நாவலில் வரும் மருத்துவர் தொழிலாளர்களின் உயிருக்காகப் போராடுகிறவர். படத்தில் மருத்துவர், நோயில் கிடக்கும் சனங்களுக்கு நடுவில் மதம் மாற்ற ஆடிப்பாடுகிறவராக வருகிறார். தோட்ட முதலாளியின் கொடுமையை அந்தப் படம் காட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, நெஞ்சைப் பிழியும்படி காட்டியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு பாத்திரம் திரும்பியதால், எஸ்டேட்டை நோக்கி இருந்த விரலில் பாதி வேறு பக்கம் போய்விட்டது. அந்த மருத்துவரைத் தொழிலாளியின் பக்கம் நிறுத்தி எழுதியவர் தானே ஒரு மருத்துவர் என்பதை நினைத்தால், அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

முடிவை நல்ல முடிவு, கெட்ட முடிவு என்று மட்டும் பார்ப்பது

'வெக்கை'யில் அய்யாவும் மகனும் நீதிமன்றத்தை நோக்கி நடப்பதோடு கதை நிற்கிறது. அங்கே என்ன நடக்கும் என்று நாவல் சொல்வதில்லை. சட்டத்தின்மேல் பெரிய நம்பிக்கையும் அதில் கிடையாது. 'அசுரன்' படத்தில் அப்பா பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, மகனைப் படிக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். நிலத்தையும் பணத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது என்கிற அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. அதைக் கேட்டு அழுதவர்களில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கண்ணீரை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. கல்வி என்பது அம்பேத்கர் சொன்ன வழியும்கூட.

ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. படம் முழுக்க நிலம், நிலம் என்றுதான் சண்டை. பறிபோன நிலத்தின் கணக்கை இரண்டரை மணி நேரம் காட்டிவிட்டு, கடைசியில் அதை விட்டுவிட்டுப் படிப்புக்குப் போ என்கிறது. கூட்டமாகக் கேட்க வேண்டியது, ஒவ்வொருவரும் தனித்தனியாக முன்னேறிக்கொள்ள வேண்டியதாகிவிடுகிறது. இந்தத் திருப்பம் சரியா தவறா என்று பேசலாம், பேசத்தான் வேண்டும். நாவலில் அப்படி ஒரு தீர்வு இல்லாததால்தான் அது முடிந்த பிறகும் மனசுக்குள் எரிந்துகொண்டே இருக்கிறது என்பது என் எண்ணம்.

வெற்றிமாறனே எடுத்த 'விசாரணை'யில் முடிவு மாறிய விதம் இதைவிடக் கடுமையானது. கோயம்புத்தூர்க்காரரான மு. சந்திரகுமார் ஆட்டோ ஓட்டியவர். 1983-ல் குண்டூரில் வேலை தேடிப் போயிருந்த இடத்தில் செய்யாத திருட்டுக்காகப் பிடிபட்டு, லாக்கப்பில் அடிபட்டு, ஜெயிலுக்கும் போய்த் திரும்பினார். அதை அவரே 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். படத்தின் முதல் பாதி அந்தக் குண்டூர் லாக்கப். இரண்டாம் பாதி, தமிழ்நாட்டுப் போலீஸ், அரசியல் பணம், ஆடிட்டர் எல்லாம் நாவலில் இல்லாதவை. நாவல் ஒரு அறைக்குள் நடக்கும் அடியைச் சொல்கிறது. படம் அந்த அறைக்கு மேலே எத்தனை மாடி இருக்கிறது என்று காட்டுகிறது. கடைசியில் அப்பாவித் தொழிலாளர்களோடு, அவர்களுக்கு இரக்கப்பட்ட போலீஸ் அதிகாரியையும் அந்த மாடிகள் விழுங்கிவிடுகின்றன.

"நிஜத்துல அவங்க சாகலையே, படம் பொய் சொல்லுது" என்று இதைப் பற்றி ஒருவர் என்னிடம் வாதாடினார். பொய், நிஜம் என்கிற தராசு இங்கே வேலைக்கு ஆகாது. நாவலில் 'நான்' என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். அடிபட்டவர் பிழைத்தார், பிழைத்ததால் எழுதினார், எழுதியதால் நமக்குத் தெரிந்தது. நாவலின் அரசியலே அந்தச் சாட்சி உயிரோடு இருப்பதுதான். படம் உயிரோடு திரும்பாதவர்களின் பக்கம் போய் நிற்கிறது. முதலில் 'லாக்கப்' படித்துவிட்டு வந்து உட்கார்ந்த வாசகருக்கு மட்டும் அந்தக் கடைசி இருட்டில் ஒன்று கூடுதலாகத் தெரியும். அங்கே சுடப்பட்டு விழுகிறவன்தான் பின்னாளில் இதையெல்லாம் எழுதியிருக்க வேண்டியவன்.